மருத்துவ ஆய்வில் சேரும் முன்: இந்தியாவில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோய், காசநோய், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என்று எதற்காகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்வந்தாலும், என்றாவது ஒருநாள் மருத்துவர், "இங்கே ஒரு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிலர் தங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று பயந்து எழுந்துவிடுகிறார்கள். வேறு சிலர், பெரிய டாக்டரே சொல்லிவிட்டார் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். கையில் கொடுக்கப்படும் தாள்களை எப்படிப் படிப்பது, எங்கே போய்ச் சரிபார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்பவற்றைத் தெரிந்துகொண்டால், சேர்வதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

ஆய்வு என்பது எப்போதும் புதிய மாத்திரையைச் சோதிப்பது மட்டுமல்ல. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், அதாவது இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் அமைப்பு, காசநோயாளிகளைச் சானடோரியத்தில், அதாவது அவர்களைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், வைத்துப் பார்ப்பதும் வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பதும் எந்த அளவுக்கு ஒத்த பலன் தருகின்றன என்று ஒப்பிட்டது. வீட்டில் மருந்து எடுத்துக்கொண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று தெரிந்தபின், உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் உணவு, உடற்பயிற்சி மாற்றங்களும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதிக்கப்பட்டன. தனித்தனியாக இரண்டும் நோய் வருவதை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைத்தன, சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது மருந்தே அல்ல. காசநோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் தொற்றி வெளிப்படுவது 39 சதவீதம் குறைந்தது.

முதல் படி: ஆய்வு வேறு, சிகிச்சை வேறு

புதிதாக வருபவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். வழக்கமான சிகிச்சையில் மருத்துவர் உங்கள் உடலைப் பார்த்து உங்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கிறார். ஆய்விலோ, பெரும்பாலும், எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை. கணினியில் முன்கூட்டியே போடப்பட்ட குலுக்கல் பட்டியல் தீர்மானிக்கிறது. பல ஆய்வுகளில் எது யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு இப்போது வழக்கத்தில் உள்ள மருந்தும் கொடுக்கப்படலாம். சில ஆய்வுகளில் பிளசீபோ எனப்படும் மருந்தற்ற மாத்திரையோ சொட்டோ கொடுக்கப்படலாம். டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு உண்மையான சொட்டு மருந்தும் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் பிளசீபோவும் கிடைத்தன. அந்த மருந்து 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் புது மருந்து நல்லதா?" என்பது அல்ல. அதற்கு விடை தெரிந்திருந்தால் ஆய்வே நடத்த வேண்டியதில்லை. "எத்தனை பிரிவுகள் இருக்கின்றன, புது மருந்து எனக்குக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, அது கிடைக்காவிட்டால் எனக்கு என்ன கொடுப்பீர்கள், இந்த ஆய்வில் சேராவிட்டால் இதே மருத்துவமனையில் எனக்கு என்ன சிகிச்சை உண்டு?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் மேற்கொண்டு பேச அவசியமில்லை.

இரண்டாம் படி: பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்குப் பொதுவான ஒரு பதிவேடு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் டெல்லியில் இயங்கும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடுதான் அது, சி.டி.ஆர்.ஐ. என்றால் மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். 2007 ஜூலையில் தொடங்கிய இதில் பதிவு செய்வது, மருந்துப் பரிசோதனைகளுக்கு 2009 ஜூன் 15 முதல் கட்டாயமானது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யப்படும் ஆய்வுகள் மட்டுமே ஏற்கப்படுகின்றன. இந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகப் பின்னால் அளவுகோலை மாற்ற முடியாது.

பதிவு எண், சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பின் ஆண்டு, மாதம், ஆறு இலக்க வரிசை எண் என்று சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு இருக்கும். பதிவேட்டின் இணையதளத்தில் இந்த எண்ணையோ நோயின் பெயரையோ கொடுத்துத் தேடலாம். கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நீளமாகவும் இருக்கிறது. ஆனால் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சில இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

மேலேயே, பதிவான தேதிக்குப் பக்கத்தில், 'ரெஜிஸ்டர்ட் ப்ராஸ்பெக்டிவ்லி' என்று இருந்தால் ஆட்களைச் சேர்க்கும் முன்பே பதிவானது என்று பொருள். பழைய ஆய்வுகளில் 'ரெட்ராஸ்பெக்டிவ்லி' என்று இருந்தால் சேர்க்கத் தொடங்கிய பிறகு பதிவானது. அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்ற பகுதியையும் முதன்மை ஸ்பான்சர், அதாவது ஆய்வை நடத்தும் பொறுப்பை ஏற்ற அமைப்பு, யார் என்ற பகுதியையும் பாருங்கள்: மருந்து நிறுவனமா, அரசு நிறுவனமா, கல்லூரியே நடத்துவதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஆய்வு நடக்கும் மையங்களின் பட்டியலில் உங்கள் மருத்துவமனையின் பெயரும், உங்களிடம் பேசிய மருத்துவரின் அல்லது அவருடைய துறைத் தலைவரின் பெயரும் இருக்க வேண்டும். நோயாளியின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் (மூன்றாம் படியில் பார்ப்போம்) அனுமதி கிடைத்துவிட்டதா என்பதும் மையவாரியாக அங்கேயே இருக்கும். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற இரண்டு பட்டியல்களையும் உங்கள் நோய்க் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்குள்ள ஒரு கோளாறு 'சேர்க்கக் கூடாது' என்ற பட்டியலில் இருந்தால், அதை மருத்துவரிடம் உடனே சொல்வது உங்கள் பாதுகாப்புக்காகவே.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி பற்றிய வரியில் 'நாட் அப்ளிகபிள்' (பொருந்தாது) என்று இருப்பதைக் கண்டு சிலர் திடுக்கிடுகிறார்கள். அது எப்போதும் குறை ஆகாது. ஏற்கெனவே விற்பனை அனுமதி பெற்ற மருந்தைக் கொண்டு, வணிக நோக்கமின்றி, கல்விக்காக நடத்தும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும் என்று விதியே சொல்கிறது. பதிவேட்டில் உள்ள ஆய்வுகளில் கணிசமானவை முதுநிலை மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகள்; சித்தா, ஆயுர்வேத ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் இதுவரை சந்தைக்கு வராத ஒரு புதிய மருந்தைக் கொடுக்கும் ஆய்வில் அந்த வரி அப்படி இருக்கக் கூடாது.

மூன்றாம் படி: நெறிமுறைக் குழு யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'எத்திக்ஸ் கமிட்டி' என்று மருத்துவமனையில் சொல்லப்படும் இந்தக் குழு, ஆய்வாளரிடமிருந்து நோயாளியைக் காப்பதற்காகவே இருப்பது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும்; அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்; சட்டம் தெரிந்தவர் ஒருவரும், ஒரு பெண்ணும், மருத்துவமோ அறிவியலோ சாராத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இடம்பெற வேண்டும். குழுவின் உறுப்பினர் செயலரின் தொலைபேசி எண் உங்களுக்குக் கொடுக்கப்படும் தகவல் தாளில் அச்சாகியிருக்கும். பலர் மருத்துவரின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். மருத்துவரோடு பிணக்கு வரும் நாளில் பேச வேண்டிய எண் இதுதான் என்பதால், அன்றைக்கே கைப்பேசியில் சேமித்துவிடுவது நல்லது.

நான்காம் படி: ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் கடைப்பிடித்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். தமிழ்த் தாள் கேட்பது உங்கள் உரிமை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், குடும்பத்தாரோடும், முடிந்தால் உங்கள் குடும்ப மருத்துவரோடும் கலந்து பேசி, ஓரிரு நாள் கழித்து வந்து சொல்கிறேன் என்று சொல்லலாம். உடனே முடிவெடுத்தாக வேண்டிய மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அவசரச் சிகிச்சை ஆய்வுகள் மட்டுமே விலக்கு. மற்ற நேரங்களில், "இன்றைக்கே போட்டுவிடுங்கள்" என்று யாராவது நெருக்கினால், அந்த நெருக்கடியே கையெழுத்தைத் தள்ளிப்போடப் போதுமான காரணம்.

தாளில், இது ஆராய்ச்சி என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நோக்கம், கால அளவு, எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள், தெரிந்த பக்கவிளைவுகள், வேறு சிகிச்சை வழிகள், உங்கள் விவரங்களை யார் யார் பார்ப்பார்கள், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பன எல்லாம் அதில் இருக்கும். இரத்த மாதிரியை ஆய்வு முடிந்த பிறகும் சேமித்து வைப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்பதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் உங்கள் தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், முகவரி, உறவு ஆகியவற்றை எழுதச் சொல்லும் கட்டங்கள் வரும். வங்கிக் கணக்குத் தொடங்குவது போல் இருக்கிறதே என்று தோன்றும். சிலர் வருமானத்தைச் சொல்லத் தயங்கி, நாமினி இடத்தையும் வெறுமையாக விட்டுவிடுவார்கள். உயிரிழப்பு ஏற்பட்டால் இழப்பீடு அந்தப் பெயருக்கே போகும் என்பதால், அந்த இடத்தைக் காலியாக விடவே கூடாது. ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே உள்ள சின்னக் கட்டத்தில் நீங்களே சுருக்கொப்பம் இட வேண்டும்; மொத்தமாக டிக் அடித்துக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள். படிக்கத் தெரியாதவர் சேர்வதானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்குவதிலிருந்து கைநாட்டு வைக்கும் வரை கூடவே இருக்க வேண்டும். இதுவரை பயன்பாட்டுக்கு வராத புதிய மூலக்கூறு மருந்தின் பரிசோதனையில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கும்போது, விளக்குவதையும் அவர்கள் புரிந்துகொண்டதையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு முகம் தெரியாமல் இருக்க ஒலிப்பதிவு மட்டும் போதும்.

குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதற்குப் புரியும்படி சொல்லி, அதன் இசைவையும் பெற வேண்டும். இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டபோது, பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்ததை 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காலகட்டத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஒளிப்பதிவு விதியும் இழப்பீட்டு விதிகளும் இறுகின.

கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியும் தகவல் தாளும் உங்களிடம் தரப்பட வேண்டும். "ஃபைலில் பத்திரமாக இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பணம் கேட்டால் எழுந்துவிடுங்கள்

ஆய்வுக்காகக் கொடுக்கப்படும் மருந்துக்கும், ஆய்வுக்காகவே கூடுதலாக எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் நோயாளி பணம் கட்டக் கூடாது. வந்துபோகும் செலவும் பெரும்பாலும் தரப்படும். எவ்வளவு, எப்போது என்று தாளில் எழுதியிருக்கும். ஆட்டிசம், முதுகுத்தண்டுக் காயம் போன்றவற்றுக்கு ஸ்டெம் செல் 'ஆராய்ச்சிச் சிகிச்சை' என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் உண்டு. அனுமதிக்கப்பட்ட ஒருசில இரத்த நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம், ஆய்வு என்றால் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ரசீதின் யோக்கியதை விளங்கும்.

உடல்நலமுள்ளவர்களை வைத்து நடக்கும் ஆய்வுகள் வேறு வகை. அங்கே தங்குவதற்கும் நேரத்துக்கும் பணம் கொடுப்பார்கள். அந்தப் பணத்துக்காகவே ஓர் ஆய்வு முடிந்த கையோடு, அதை மறைத்து, அடுத்ததில் சேர்பவர்கள் தங்கள் உடம்பைத்தான் பணயம் வைக்கிறார்கள். முந்தைய மருந்து உடலை விட்டு முழுமையாக வெளியேறாத நிலையில் அடுத்தது எப்படி வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: பாதிப்பு நேர்ந்தால் என்ன என்பதை முன்பே படியுங்கள்

எல்லோரும் மருந்தின் பலனைப் பற்றிய பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். என்னைக் கேட்டால், தகவல் தாளில் இரண்டு முறை படிக்க வேண்டிய பத்தி இழப்பீட்டைப் பற்றியது. ஆய்வின்போது உடலுக்குப் பாதிப்பு ஏற்பட்டால், அது ஆய்வோடு தொடர்பற்றது என்று நிறுவப்படும் வரையிலோ ஆய்வாளரின் கருத்துப்படி தேவைப்படும் வரையிலோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்ல, ஆய்வுக்காகச் செய்த ஒரு பரிசோதனையால் நேர்ந்த காயமும், பிளசீபோ பிரிவில் இருந்தவருக்கு உரிய வழக்கமான சிகிச்சையைக் கொடுக்காததால் வந்த கேடும், பெற்றோர் ஆய்வில் பங்கெடுத்ததால் கருவிலுள்ள குழந்தைக்கு நேர்ந்த பாதிப்பும் இதில் அடங்கும்.

மரணம், மருத்துவமனையில் அனுமதி, நிரந்தர ஊனம் போன்ற கடும் பாதிப்பு என்றால், ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஸ்பான்சருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாள்களுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். ஆய்வால்தான் நேர்ந்தது என்று தீர்மானித்து அரசு அமைப்பு ஆணையிட்டால், 30 நாள்களுக்குள் ஸ்பான்சர் பணத்தைக் கொடுக்க வேண்டும். உயிரிழப்புக்கான தொகைக்கு வாய்பாடு இருக்கிறது: 8 லட்சம் ரூபாயை, வயதுக்குரிய ஓர் எண்ணாலும் நோயின் தீவிரத்துக்குரிய 0.5 முதல் 4 வரையிலான ஓர் எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவருக்கு வயது எண்ணும் 99.37 என்பதால், நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தவர் இறந்தால் 32 லட்சம் வரும். அதே வயதில், ஆறு மாதத்துக்கு மேல் உயிர்வாழ மாட்டார் என்ற நிலையில் சேர்ந்தவருக்கு 4 லட்சம்தான். இளையவர்களுக்கு வயது எண் பெரிதாகிக்கொண்டே போய், 16 வயதில் 228.54 ஆகிறது. நோய் முற்றியவரின் உயிருக்கு விலை குறைவு என்று கணக்குப் போடும் இந்த முறை மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் நிறுவனத்தோடு தனியே உட்கார்ந்து பேரம் பேச வேண்டிய நிலை இல்லாமல் போனதே பெரிய மாற்றம்.

கல்லூரி தானே நடத்தும் கல்வி ஆய்வுகளில் பணம் கொடுக்கப் பெரிய நிறுவனம் பின்னால் இல்லை. அங்கே காப்பீடு எடுத்திருக்கிறார்களா, அல்லது நிறுவனம் தனி நிதி ஒதுக்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

சேர்ந்த பிறகு

ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உங்களுக்கு அடையாள அட்டையும், சில ஆய்வுகளில் தினக் குறிப்பேடும் தருவார். அட்டையைப் பர்ஸில் வைத்திருங்கள். வேறு ஊரில் மயங்கி விழுந்து வேறு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அட்டையில் உள்ள எண்ணை அழைத்து நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்பதை அவசரமாக வெளிப்படுத்தக் கேட்க முடியும். காலியான மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள். அடுத்த முறை வரும்போது அவற்றை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். மறந்துபோன மாத்திரைகள் மிச்சமிருந்தால் அவற்றையும் அப்படியே கொண்டுவாருங்கள், வெட்கப்பட்டு வீசிவிட்டு வந்தால் ஆய்வின் கணக்கும் உங்கள் சிகிச்சையும் தவறாகும்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீர், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மூட்டுவலி லேகியம் ஆகியவற்றை மருந்து என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆய்வில் இருக்கும்போது இவை எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்து ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். கருத்தரித்தாலோ கருத்தரிக்கத் திட்டமிட்டாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும்.

விலக நினைத்தால் விலகலாம். அதனால் அந்த மருத்துவமனையில் உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாமல் ஒரு முறை வந்து சொல்வது நல்லது. சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டியிருக்கும், கடைசியாக ஒரு பரிசோதனையும் தேவைப்படும்.

ஆய்வு முடியும் நாளில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். நான் எந்தப் பிரிவில் இருந்தேன், முடிவு என்ன என்பதை எப்போது எப்படித் தெரிவிப்பீர்கள் என்பது ஒன்று. மருந்து எனக்குப் பலன் அளித்திருந்தால் இனியும் கிடைக்குமா என்பது மற்றொன்று. வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலையில், ஆய்வாளர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், ஸ்பான்சர் அந்த மருந்தை ஆய்வுக்குப் பின்னும் இலவசமாகத் தர 2019-ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன. அதற்கு நீங்கள் தனியாக எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும், அந்தக் காலத்தில் ஏற்படும் பாதிப்புக்கு ஸ்பான்சர் பொறுப்பல்ல என்ற வாசகமும் அதில் இருக்கும். மருந்து தீர்ந்த பிறகு இதைக் கேட்டால் அனுமதி வரும் வரை இடைவெளி விழும். ஆகவே கடைசி வருகைக்கு முந்தைய வருகையிலேயே கேட்டு வையுங்கள்.